எந்த ஈயம்?

எட்டாம் வகுப்பில் தனிமங்களைப் பற்றிய பாடம். இலத்தீன் பெயரிலிருந்து குறியீடு பெற்ற தனிமங்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டு வந்தேன். ‘காரீயம்’ என்று எழுதி, “இதைத்தான் பேச்சு வழக்கில் ஈயம் என்போம். இது நச்சு உலோகம்” என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு மாணவன் எழுந்தான்.

“டீச்சர், எங்க ஆச்சி ஈயச்சொம்புலதான் ரசம் வைப்பா. அது விஷமா?”

அடுத்த வரிசையிலிருந்து இன்னொரு குரல். “எங்க வீட்ல சோறு பொங்குறதே ஈயப் பானையிலதான்!”

வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் கடைசி வரிசையில் இருந்த மாணவி மெதுவாகச் சொன்னாள். “எங்க அப்பா பேட்டரி கடையில வேலை பாக்காவ. சாயங்காலம் கொல்லையில வச்சு ஈயம் உருக்குவாவ.”

மூன்று பிள்ளைகளும் ‘ஈயம்’ என்ற ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் சொன்னவை மூன்று வெவ்வேறு உலோகங்கள். முதல் இரண்டு பேர் கேட்டதற்கு அன்றே பதில் சொல்லிவிட்டேன். மூன்றாவது பிள்ளை சொன்னது மட்டும் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. அவளுடைய தம்பி எங்கள் பள்ளியிலேயே இரண்டாம் வகுப்பில் படிக்கிறான். அவனைப் பற்றி ஆசிரியர் அறையில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் நினைவுக்கு வந்தது.

ஒரு சொல், மூன்று உலோகங்கள்

ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசுவதும் வெள்ளீயத்தால்தான். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் தேய்த்துப் பூசுவார்கள். புளிப்பு பித்தளையைத் தின்னாமல் அந்தப் பூச்சு காக்கும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதனால்தான் ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

சோறு பொங்கும் ‘ஈயப் பானை’ பெரும்பாலும் அலுமினியம். நம் பக்கத்தில் அலுமினியப் பாத்திரத்தையும் ஈயப் பாத்திரம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

மூன்றாவது பிள்ளையின் அப்பா உருக்கியதுதான் காரீயம். கருமை கலந்த சாம்பல் நிறம், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். 10 கன சென்டிமீட்டர் அலுமினியம் 27 கிராம் எடை இருக்கும். அதே அளவு வெள்ளீயம் 73 கிராம். காரீயமோ 113 கிராம். 327 டிகிரியிலேயே உருகிவிடுவதால் ஒரு விறகடுப்பும் இரும்புச் சட்டியும் இருந்தால் போதும், யாரும் வீட்டிலேயே உருக்கிவிடலாம். ஆபத்து தொடங்கும் இடமும் அதுதான்.

வெள்ளீயமும் அலுமினியமும் காரீயத்தைப் போல நஞ்சு அல்ல. ஆனால் அவற்றோடு காரீயம் கலந்துவிட வாய்ப்பு உண்டு. காரீயம் விலை மலிவு என்பதால் வெள்ளீயத்தில் அதைச் சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். புளியும் தக்காளியும் கொதிக்கும்போது அது ரசத்தில் இறங்கும். பழைய எந்திரப் பாகங்களையும் கழிவு உலோகத்தையும் உருக்கி வார்த்த மலிவான அலுமினியச் சட்டிகளிலும் காரீயம் இருக்கக்கூடும். இந்தியாவில் செய்த சில அலுமினியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் கசிகிறது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025இல் எச்சரித்தது. ஆகவே ஆச்சியின் சொம்பை வீசிவிட வேண்டியதில்லை. புதிதாக வாங்கும்போதும் பூசும்போதும் நம்பகமான கடையில், சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்டு வாங்கினால் போதும். புளிப்பான குழம்பை மலிவு அலுமினியத்தில் வைக்காமல் எவர்சில்வரிலோ மண்சட்டியிலோ வைக்கலாம்.

இன்னொரு குழப்பத்தையும் வகுப்பில் தீர்த்துவிடுவது நல்லது. பென்சிலின் நடுவில் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். அதைக் காரீயம் என்று சொல்வது பழைய பிழை. பென்சில் குத்திவிட்டால் காரீய நஞ்சு ஏறாது.

‘மந்தம்’ என்று எழுதிய கை

இரண்டாம் வகுப்புப் பையனைப் பற்றிச் சொல்கிறேன். மெலிந்த உடம்பு, வெளுத்த கண் இமைகள். எண்ணும் எழுத்தும் வகுப்பில் நேற்றுப் படித்த எழுத்து இன்றைக்கு அவனுக்குப் புதிதாக இருக்கும். ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டான். அடிக்கடி வயிறு வலிக்கிறது என்பான். பள்ளிக்கு வராமல் இருக்கச் சாக்குச் சொல்கிறான் என்று நாங்கள் நினைத்தோம். அவனுடைய வகுப்பாசிரியர் விடுப்பில் இருந்த ஒரு மாதம் அந்த வகுப்பை நான்தான் பார்த்துக்கொண்டேன். அவன் பெயருக்கு எதிரே ‘மந்தம், கவனம் இல்லை’ என்று எழுதியது என் கைதான்.

காரீயம் சிறு குழந்தையின் உடலில் என்ன செய்கிறது என்று படிக்கப் படிக்க, நான் எழுதிய அந்த இரண்டு சொற்களும் என்னைக் குத்தின.

காரீயத்தால் உடலுக்கு எந்தப் பயனும் இல்லை. ஆனால் உடல் அதைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி ஏமாந்து உள்ளே விடுகிறது. சுண்ணாம்புச் சத்து போகும் வழியிலேயே அது எலும்புக்கும் பல்லுக்கும் போகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்குள்ளும் நுழைகிறது. இரத்தச் சிவப்பணுவுக்கு வேண்டிய பொருளை உடல் தயாரிக்கவிடாமல் தடுப்பதால் சோகை வருகிறது. விழுங்கிய காரீயத்தில் பெரியவர்களைவிட நான்கு ஐந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. தவழும் வயதிலும் தளிர்நடை வயதிலும் கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும் என்பதால் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கே ஆபத்து மிக அதிகம்.

இரத்தத்தில் உள்ள காரீயம் சில மாதங்களில் குறையும். எலும்பில் தங்கியதோ பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும். ஒரு பெண் கருவுறும்போது அவள் எலும்பிலிருந்து கரைந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். இன்று நம் வகுப்பில் இருக்கும் பெண் குழந்தையைக் காப்பது நாளை அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தையையும் காப்பதாகும்.

வயிற்றுவலி, மலச்சிக்கல், பசியின்மை, சோகை, எரிச்சல், கவனச் சிதறல், கற்றலில் பின்னடைவு ஆகியவை இதன் அறிகுறிகள். அளவு மிக அதிகமானால் வலிப்பும் உயிரிழப்பும் நேரலாம். ஆனால் பெரும்பாலான குழந்தைகளிடம் வெளியே எதுவும் தெரியாது. தெரியும் அறிகுறிகளுக்கும் வேறு நூறு காரணங்கள் இருக்கலாம். உறுதியாகச் சொல்லக்கூடியது இரத்தப் பரிசோதனை ஒன்றுதான். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில், அதாவது ஒரு டெசிலிட்டரில், 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதற்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்றும் பொருள் கொள்ளக்கூடாது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதையும் அதே நிறுவனம் சொல்கிறது.

அளவு மிக அதிகமாக இருந்தால் உடலிலிருந்து காரீயத்தை வெளியேற்ற மருந்து உண்டு. ஆனால் மூளை இழந்ததை அந்த மருந்து திருப்பித் தராது. நம் வேலை வருமுன் காப்பதுதான்.

ஆசிரியர்கள் கண்ணில் பட்டது

இந்த நோயின் வரலாற்றில் ஆசிரியர்களுக்கும் ஓர் இடம் உண்டு. 1970களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை ஒட்டிய இரண்டு ஊர்களில் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற குழந்தைகள் மருத்துவர் ஓர் ஆய்வு செய்தார். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அவற்றிலுள்ள காரீயத்தை அளந்தார். நம் பிள்ளைகள் கூரையில் எறியும் அதே பால்பற்கள்தான். வகுப்பில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஆசிரியர்களிடம் தனியாகக் கேட்டு எழுதி வாங்கினார். எந்தப் பிள்ளையின் பல்லில் எவ்வளவு காரீயம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாது. 1979இல் முடிவு வெளிவந்தது. பல்லில் காரீயம் கூடக்கூட, ‘எளிதில் கவனம் சிதறுகிறான்’, ‘சொன்னதைத் தொடர்ந்து செய்வதில்லை’ என்று ஆசிரியர்கள் குறித்த பிள்ளைகளும் கூடியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் யாருக்கும் நோயின் வெளி அடையாளம் இல்லை.

நம் சென்னையிலும் இப்படி ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. 3 முதல் 7 வயது வரையுள்ள 756 மழலையர் பள்ளிப் பிள்ளைகளின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. அவர்களின் நடத்தை பற்றிய வினாத்தாளை நிரப்பியவர்கள் ஆசிரியர்களே. 2009இல் வெளியான முடிவின்படி சராசரி அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். இன்றைய வழிகாட்டுதலின் 5 மைக்ரோகிராமைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். காரீயம் அதிகமாக இருந்த பிள்ளைகளிடம் கவனக் குறைவும் பதற்றமும் மற்றவர்களோடு பழகுவதில் சிக்கலும் அதிகமாக இருந்தன.

இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலேயே பெட்ரோலில் காரீயம் கலப்பது நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகும் சென்னைப் பிள்ளைகளின் இரத்தத்தில் இவ்வளவு இருந்ததென்றால் வேறு வழிகளும் இருக்கின்றன என்றுதானே பொருள்? 2020இல் யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு, சுமார் 80 கோடிப் பேருக்கு, 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது என்று மதிப்பிட்டது. அவர்களில் 27 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள்.

எந்த வழியாக வருகிறது?

*பேட்டரி.* உலகில் பயன்படும் காரீயத்தில் முக்கால் பங்குக்கு மேல் வாகன பேட்டரிகளுக்கே போகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குப் போகும் லாரிகள் ஏராளம். சாரல் சீசனிலும் ஐயப்ப சீசனிலும் குற்றாலத்துக்கு வரும் வேன்களுக்குக் கணக்கே இல்லை. பேட்டரி வேலைக்குக் குறைவில்லை. கடையில் பாதுகாப்பாகக் கையாண்டால் பேட்டரியால் குழந்தைக்குத் தீங்கில்லை. பழைய பேட்டரியை உடைத்து வீட்டில் உருக்கும்போதுதான் புகையும் தூசியும் மண்ணில் படிகின்றன; வேலைத் துணியோடு வீட்டுக்குள்ளும் வருகின்றன. செனகல் நாட்டின் தலைநகர் டாக்கரை ஒட்டிய ஒரு குடியிருப்பில் 2007, 2008இல் பதினெட்டுக் குழந்தைகள் இப்படித்தான் இறந்தார்கள். பழைய பேட்டரியை முறைப்படி திரும்பப் பெற வேண்டும் என்று நம் நாட்டில் 2001 முதலே விதி உண்டு. 2022இல் அது புதுப்பிக்கப்பட்டது.

*பெயின்ட்.* ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் காரணம் தெரியாமல் குழந்தைகள் நோயுற்றபோது, வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளின் பெயின்ட்தான் காரணம் என்று லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் 1904இலேயே எழுதினார். உதிர்ந்த பெயின்ட் தூள் விரலில் ஒட்டும். பிள்ளைகள் விரல் சூப்புவார்கள், நகம் கடிப்பார்கள். நம் நாட்டில் வீட்டு பெயின்ட்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. டப்பாவின் மேலேயே இதைக் குறிப்பிட வேண்டும். ஆனால் அந்த விதி தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பெயின்ட்டுக்குப் பொருந்தாது. 2017க்கு முன்பு அடித்த சன்னல், கதவு, பெஞ்சு, ஊஞ்சல் எல்லாம் நம் பள்ளிகளில் அப்படியே இருக்கின்றன.

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, அப்போது நான் வேலை பார்த்த பள்ளியில், ஆண்டு விழாவுக்குப் புது பெயின்ட் அடிக்க முடிவு செய்தோம். பழைய சன்னல்களை உப்புத்தாளால் தேய்க்கும் வேலையைப் பெரிய வகுப்புப் பையன்களிடம் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பச்சைத் தூள் அறையெங்கும் பறந்தது. மறுநாள் காலையில் அதே அறையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். அந்தத் தூளில் காரீயம் இருந்ததா இல்லையா என்று நான் கேட்டுப் பார்க்கவே இல்லை. கேட்க வேண்டும் என்றுகூட அன்று எனக்குத் தெரியாது.

*விளையாட்டுப் பொருள்.* சீசன் கடைகளில் வாங்கும் மினுமினுக்கும் மலிவு பொம்மைகளின் பூச்சிலும் காரீயம் இருக்கலாம். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வாங்கும்போது அதைப் பார்க்கப் பிள்ளைகளையே பழக்கலாம்.

*மஞ்சள், குங்குமம், மை.* விரலி மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் ஏற்ற லெட் குரோமேட் என்ற காரீயச் சேர்மத்தைப் பூசும் மோசடி உண்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமம் நல்லது. சில மலிவுக் குங்குமங்களில் செங்காரீயம் கலக்கிறார்கள். விளக்குக் கரியில் ஆமணக்கெண்ணெய் குழைத்து வீட்டில் செய்யும் மை வேறு. காரீயத் தாதுவைப் பொடித்துச் செய்யும் சுர்மா வேறு. சுர்மாவைக் குழந்தைக் கண்ணுக்குத் தீட்டக்கூடாது. உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் போன்ற மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவர் சொல்லாமல் குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது.

இதையெல்லாம் மாற்ற முடியுமா என்ற கேள்வி எழலாம். வங்கதேசம் மாற்றிக் காட்டியது. 2019இல் அங்கே சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. ஆய்வாளர்களும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் ஊடகங்களும் சேர்ந்து வியாபாரிகளிடம் எடுத்துச் சொன்னார்கள், மீறியவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2021இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட அது இல்லை.

வகுப்பறையில் செய்து பார்க்க

முதலில் ஓர் எச்சரிக்கை. உண்மையான காரீயத்தையோ பழைய பேட்டரியையோ வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். காரீயம் இல்லாமலேயே காரீயத்தைப் பற்றிக் கற்பிக்கலாம்.

1. சொல் தேடல் (6 முதல் 8ஆம் வகுப்பு வரை): வீட்டிலும் தெருவிலும் ‘ஈயம்’ என்று எவற்றையெல்லாம் சொல்கிறார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரட்டும். வெள்ளீயம், அலுமினியம், காரீயம் என்று மூன்று பத்திகளில் பிரிக்கட்டும். எங்கள் பள்ளியில் ஒரு மாணவன் தன் தாத்தா மீன்வலையில் கட்டும் குண்டைக் காரீயப் பத்தியில் எழுதினான். அது சரியே.

2. மாவுப் பந்து (1 முதல் 5ஆம் வகுப்பு வரை): ஒரு பந்தில் அரிசிமாவைத் தடவி வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகளிடம் கைமாற்றச் சொல்லுங்கள். பிறகு ஐந்து நிமிடம் வழக்கம்போல விளையாடட்டும். வெள்ளை எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று ஒருவரையொருவர் பார்க்கட்டும். மூக்கிலும் உதட்டிலும் நோட்டிலும் இருக்கும். “இது கண்ணுக்குத் தெரியாத தூசியாக இருந்தால்?” என்று கேளுங்கள். வெறும் தண்ணீரில் ஒரு கையையும் சோப்புப் போட்டு மற்றொரு கையையும் கழுவிப் பார்க்கட்டும்.

3. மஞ்சள் சோதனை (4 முதல் 8ஆம் வகுப்பு வரை): ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முழு விரலி மஞ்சளைப் போடுங்கள். நல்ல மஞ்சள் உடனே சாயம் விடாது. போட்டவுடன் பளிச்சென்ற மஞ்சள் நிறம் இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் மக்களுக்குச் சொல்லித்தரும் எளிய சோதனை இது. ஆசிரியரே செய்து காட்டுவது நல்லது. சந்தேகப்பட்ட மஞ்சளைப் பிள்ளைகள் தொட வேண்டாம்.

4. கணக்கு (8ஆம் வகுப்பு): பழைய பெயின்ட் ஒன்றில் 1 சதவீதம் காரீயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உதிர்ந்த 0.1 கிராம் சிம்பில் எவ்வளவு காரீயம்? விடை 1 மில்லிகிராம், அதாவது 1,000 மைக்ரோகிராம். இனி, 18 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 75 மில்லி லிட்டர் வீதம் எவ்வளவு இரத்தம்? 1,350 மில்லி லிட்டர், அதாவது 13.5 டெசிலிட்டர். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்றால் அந்த இரத்தம் முழுவதிலும் 67.5 மைக்ரோகிராம். விழுங்கியது எல்லாம் இரத்தத்தில் சேர்வதில்லை. இருந்தாலும் 1,000 எங்கே, 67.5 எங்கே! நகக்கண் அளவு பெயின்ட் சிம்பை ஏன் அலட்சியப்படுத்தக்கூடாது என்று பிள்ளைகள் தாங்களே சொல்வார்கள்.

பள்ளி செய்யக்கூடியவை

பெயின்ட் வேலையைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம். பழைய பூச்சை நனைத்தே சுரண்டச் சொல்ல வேண்டும். உலர்ந்த நிலையில் தேய்க்கவோ எரிக்கவோ கூடாது. மாணவர்களை அந்த வேலையில் ஒருபோதும் ஈடுபடுத்தக்கூடாது. வேலை முடிந்ததும் பெருக்கித் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வாங்கும் டப்பாவில் ‘90’ என்ற எண்ணைத் தேட வேண்டும்.

சாப்பாட்டுக்கு முன்னும் விளையாடி வந்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் கிருமிக்கு மட்டுமின்றிக் காரீயத் தூசிக்கும் மருந்து.

வெறும் வயிற்றில் காரீயம் அதிகமாக உறிஞ்சப்படும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைவான உடல் காரீயத்தை இன்னும் வேகமாக எடுத்துக்கொள்ளும். 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தை இந்தக் கோணத்திலும் பார்க்கலாம். காலை உணவும் சத்துணவு முட்டையும் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையும் காரீயத்துக்கு எதிராகவும் வேலை செய்கின்றன. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நெல்லிக்காயும் எங்கள் ஊர்ச் சந்தையில் எளிதாகக் கிடைப்பவைதாம்.

பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது பெற்றோரின் தொழிலையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘சோகை’ என்று மட்டும் சொன்னால் இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கும். ‘சோகை, அடிக்கடி வயிற்றுவலி, அப்பா பேட்டரி வேலை’ என்று சொன்னால் மருத்துவர் வேறு விதமாக யோசிப்பார்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாத இறுதியில் காரீய நச்சுத் தடுப்பு வாரம் உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. காலை வழிபாட்டில் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

அந்த வீட்டில்

நானும் இரண்டாம் வகுப்பு ஆசிரியரும் ஒரு சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் போனோம். குற்றம் சொல்லும் தொனி வந்துவிடக்கூடாது என்று வழியிலேயே பேசிக்கொண்டோம். கொல்லையில் மூன்று கல் அடுப்பு, கரி படிந்த இரும்புச் சட்டி, பக்கத்தில் கோழிக்கூடு. பையன் அந்த மண்ணில்தான் குழி தோண்டி விளையாடிக்கொண்டிருந்தான்.

“இவ்வளவு நாளும் ஒண்ணும் ஆகலையே டீச்சர். நான் பதினஞ்சு வருசமா இந்த வேலைதான் பாக்கேன்” என்றார் அப்பா. சற்றுப் பொறுத்து, “இதை விட்டுட்டு நான் எங்க போவேன்?” என்றார்.

வேலையை விட வேண்டாம், உருக்குவதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னோம். பிள்ளையின் குடல் பெரியவர்களைவிட நான்கு ஐந்து மடங்கு எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது அம்மாவின் முகம் மாறியது. “வேலை முடிஞ்சு வந்ததும் இவன்தான் முதல்ல ஓடிப் போயி அப்பா மேல ஏறிக்கிடுவான்” என்றார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவர் எழுதிக் கொடுத்தபடி இரத்தம் வெளியூர் ஆய்வகத்துக்குப் போனது. அளவு அதிகம் என்று முடிவு வந்தது. மருந்து தேவைப்படும் அளவுக்கு இல்லை, வருகிற வழியை அடைத்துவிட்டுச் சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் மருத்துவர். அக்காவின் இரத்தத்தையும் பார்க்கச் சொன்னார்.

கொல்லை அடுப்பு போனது. மேல் மண்ணை அள்ளி அகற்றி, அந்த இடத்தில் சிமென்ட் தளம் போட்டார்கள். அப்பா கடையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு வருகிறார். வேலைத் துணியைத் தனியாகத் துவைக்கிறார்கள். வீட்டைத் தினமும் ஈரத்துணியால் துடைக்கிறார்கள். இவற்றையெல்லாம் வீட்டில் விடாமல் கண்காணிப்பவள் அன்று கடைசி வரிசையிலிருந்து மெதுவாகப் பேசிய அந்த எட்டாம் வகுப்பு மாணவிதான். மறு பரிசோதனையில் தம்பியின் அளவு குறைந்திருந்தது. அவன் வயிற்றுவலி என்று சொல்வதும் குறைந்துவிட்டது. எழுத்துகள் இன்னும் அவனுக்குச் சிரமம்தான். எந்த அளவுக்கு மீள்வான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கூடுதல் நேரம் கொடுத்து, சிறு சிறு படிகளாகப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறோம்.

‘மந்தம்’ என்று எழுதியதை அடித்துவிட்டேன். இப்போதெல்லாம் ஒரு பிள்ளை கற்கத் திணறினால் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். காலையில் சாப்பிட்டானா? உடம்புக்கு என்ன? வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் என்ன வேலை நடக்கிறது?

அந்த வகுப்பில் நான் ‘இது நச்சு’ என்று சொல்லிவிட்டு அடுத்த தனிமத்துக்குப் போயிருந்தால் அந்த மாணவி சொன்னது சிரிப்புச் சத்தத்தில் கரைந்துபோயிருக்கும். அடுத்த முறை உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ‘ஈயம்’ என்று சொன்னால், “எந்த ஈயம்?” என்று கேளுங்கள். பதிலைப் பொறுமையாக முழுவதும் கேளுங்கள்.